நாடா கட்டுகிற இடம்

தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடை. அதன் இரண்டாம் மாடியில் வெள்ளை விரிப்புப் போட்ட நீளமான மெத்தை. அந்த மெத்தை மேல் ஏறி நின்று, கல்யாணப் பெண்ணுக்கு எடுக்கிற புடவையைத் தன் உடம்பில் சுற்றிக் காட்டுவது ஜோதிலட்சுமியின் வேலை. கடையில் எல்லாப் பெண்களும் கட்டுகிற ஊதாச் சீருடைச் சேலைக்கு மேலேயே சுற்ற வேண்டும். பின் குத்தக் கூடாது, பட்டு ஓட்டையாகிவிடும். வலது இடுப்பில் ஒரு சொருகு, ஒரு சுற்று, விரல்களுக்கு நடுவே கொசுவம், தொப்புளுக்குக் கீழே இன்னொரு சொருகு, முந்தி தோளில். அதுவரை கைப்பேசியில் வேறு கடைப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா நிமிர்வாள். கூட வந்த அத்தை, "இதே மாதிரி பச்சையில இருக்கா?" என்பாள். அப்படிக் கேட்டுவிட்டால் வியாபாரம் பாதி முடிந்த மாதிரி.

மெத்தையில் நிற்கத் தெரிந்த பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனாலும் எதுவும் பிடிக்காமல் எழுந்துபோகப் பார்க்கிற வீட்டாரைக் கண்டால், மேற்பார்வையாளர் பாலகணேஷ் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி, "ஜோதியக் கூப்பிடுங்கம்மா" என்பார். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் கடை விடுதிக்கு வந்து சேர்ந்தவள் அவள். நாலு பெண்களில் மூன்றாவது. இவளைக் கூப்பிடு, இவள் வந்தால்தான் ஆகும் என்று அதுவரை யாரும் அவளைத் தேடியதில்லை. பாலகணேஷின் குரல் கேட்டதும் எங்கிருந்தாலும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வருவாள்.

அந்த மாடியில் வேலை செய்கிற பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். பின்பக்கப் படியில் ஏறி, வரிசையில் நின்று, இறங்கி வருவதற்குள் கையில் இருந்த பார்ட்டி, புடவை எடுக்க வந்த குடும்பம், வேறொருத்தி கைக்குப் போயிருக்கும். மெத்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில், லிஃப்டைத் தாண்டி, பளிங்கு பதித்த கழிப்பறை ஒன்று உண்டு. அதுவும் வாடிக்கையாளருக்குத்தான். ஜோதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அவளுக்கு முந்தி சேர்ந்த தங்கம் காதோடு சொல்லிவிட்டாள். "காலைல ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர். நடுவுல நாக்க நனைச்சுக்கிடு, அம்புட்டுத்தான். பழகிரும்ட்டி."

பழகிவிட்டது. கடைப் பெண்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது மாடிக்கு முக்காலிகள் வந்தன. "முக்காலி வந்துட்டு. கக்கூஸு எப்பட்டி எறங்கி வரும்?" என்றாள் தங்கம். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைக்குப் பின்சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷின் போட்டிருந்தான் கோதண்டபாணி. ஃபால் தைப்பது, ஓரம் அடிப்பது, அவசர ப்ளவுஸ். ஜோதி தன் வாடிக்கையாளர்களை அவனிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன் கேட்டான். "இன்னா, ஆளு அனுப்பிக்கினே கீற. கமிஷன் வோணுமா?"

"கமிஷன் வேண்டாம். கை அளவு கொறையாமத் தையுங்க. பேரு எனக்குல்லா கெடுது."

அந்தப் பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் அவனுடைய வீடு. குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். பெருவெள்ளம் வந்து போன பிறகு ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். முன்பு அரை மணியில் போகிற தூரத்தில் இருந்த கடைக்கு, இப்போது வேளச்சேரி நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று.

முப்பத்தைந்து வயதில் ஜோதிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ரத்தமும் கலந்து போயிற்று. மூலம் என்று நினைத்துக்கொண்டு துத்திக்கீரை வதக்கித் தின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. பட்டினி கிடந்தால் போகாது என்று கண்டுபிடித்து, முகூர்த்தக் கூட்டம் வருகிற நாட்களில் வாயில் எதையும் போடாமல் இருந்தாள். உடம்பு இளைத்தது. "இன்னாமே, உன் ப்ளவுஸ நானே மூணு தபா புடிச்சிட்டேன்" என்று கோதண்டபாணி கேட்டபோது, வெயில் என்றாள். ஆவணிக் கூட்டத்தின் நடுவே ஒருநாள் காய்ச்சலோடு பஸ்ஸில் மயங்கி விழுந்தாள்.

அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரி. பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, ஊதி, கிழிகிற நிலையில் இருந்தது. அறுவை மருத்துவர் சந்திரிகா அன்றைக்கே அதை எடுத்துவிட்டார். சிறுகுடலின் முனையை வயிற்றில் துளை போட்டு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அதைச் சுற்றி ஒரு தட்டு ஒட்டி, தட்டின் மேல் பை. இனி எல்லாம் அதில்தான் வந்து விழும்.

பை மாட்டுவதைச் சொல்லிக்கொடுக்க வந்தவள் கமர் ஜஹான் என்ற நர்ஸ். போர்வையை விலக்கிப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள்.

"சரியா நாடா கட்ற எடத்துல வந்துகீதேம்மா! நேரம் கீதுன்னா நான் முன்னாடியே வந்து, நிக்க வச்சி, உக்கார வச்சி, பொடவை எங்க கட்றேன்னு பாத்து மார்க் போட்ருப்பேன். நீ வந்த வரத்துல டாக்டரம்மா உசுரப் பாப்பாங்களா, நாடாவப் பாப்பாங்களா?"

ஜோதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கோதண்டபாணிதான் கற்றுக்கொண்டான். ஒட்டுகிற தட்டின் நடுவில், வெளியே வந்திருக்கும் குடலின் அளவுக்குச் சரியாக வட்டம் வெட்ட வேண்டும். பெரிதாகிவிட்டால் கசிந்து தோல் வெந்துபோகும். சின்னதாகிவிட்டால் குடலை அறுக்கும். கமர் ஜஹான் வெட்டிக் காட்டினாள். அவன் அதைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கத்திரி மொக்கையா கீது சிஸ்டர். நான் நாளைக்கி என்னுத எத்தாறேன்."

மறுநாள் ப்ளவுஸ் கழுத்து வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தான். வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தான். கட்டிலருகே உட்கார்ந்து, "இன்னாமே, போட் நெக்கா, ரவுண்டு நெக்கா?" என்றான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்ததில் தையல் வலித்து, அவனைத் திட்டினாள்.

அவளுக்காக நாடா இல்லாத பாவாடை தைத்தான். இடுப்பைச் சுற்றி அகலப்பட்டை, வலப்பக்கம் மட்டும் மெத்தென்று துணி. அதைக் கட்டிக்கொண்டு மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். தங்கத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். மெத்தை மேல் ஏறும்போது இடது கையால் வலது வயிற்றை ஒருமுறை தொட்டுக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு இடுப்புச் சேலையைச் சரிசெய்வது போல இருக்கும்.

தை மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அரக்குப் பட்டு, தங்கச் சரிகைக் கரை. சுற்றி முடித்து, முந்தியைத் தோளில் போட்டு நின்றாள். பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "கொஞ்சம் குனிஞ்சு, கொசுவம் எப்படி விழறதுன்னு காட்டேன்மா" என்றாள். ஜோதி குனிந்தாள். பட்டின் இறுக்கத்தில் தட்டு ஓரம் விட்டுக்கொண்டது. இளஞ்சூடாக ஏதோ இறங்குவதை உணர்ந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அதற்குள் அரக்கு நிறம் ஒரு கையகலம் கறுத்துவிட்டது. வாசனையும் வந்துவிட்டது.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "வாடி, வேற எடம் பாத்துக்கலாம்." கல்யாணப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அம்மா, பாவம், அவாளுக்கு உடம்புக்கு ஏதோ பண்றது" என்று சொல்லித் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஜோதி அதை வாங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி, அந்தப் புடவையோடு மெத்தையிலிருந்து இறங்கிப் பின்படிக்கு நடந்தாள்.

முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாலகணேஷும் திட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "தாயி, கொஞ்ச நாளைக்குக் கீழ பேக்கிங்ல இரு. உடம்பு தேறட்டும்."

கீழே என்றால் தரைக்கும் கீழே. விற்ற புடவைகளைப் பெட்டியில் போட்டு அடுக்கித் தருகிற மேசை. அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மணி அடிக்கும், புடவை வரும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளே வாய் திறந்து கேட்டாள். "இத எடுக்க முடியாதா டாக்டர்?"

சந்திரிகா ஒரு காகிதத்தை இழுத்து வயிறு வரைந்தார். "மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, இப்படியே இருக்கறது. எத்தனையோ பேர் காலம் பூரா பையோட நன்னாத்தான் இருக்கா. ரெண்டாவது, சிறுகுடலோட கடைசித் துண்டை மடிச்சுத் தைச்சு, உள்ளேயே ஒரு பை மாதிரி பண்ணி, ஆசனவாயோட சேர்த்துடறது. வெளிய ஒண்ணும் இருக்காது. தழும்பு மட்டும். மூணாவதுலயும் பை உள்ளதான். ஆனா ஆசனவாயோட சேர்க்க மாட்டோம். வயத்துல சின்ன ஓட்டை, உள்ளே ஒரு வால்வு. தானா ஒண்ணும் வராது. நீங்களே குழாய் விட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை வடிச்சுக்கணும். இங்க அதைப் பண்றவா ரொம்பக் கம்மி. வால்வு நழுவித்துன்னா மறுபடியும் வயத்தைத் தெறக்கணும். நான் பண்றதில்லை."

கோதண்டபாணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மடிச்சித் தைக்கிறதுன்னா, டக்கு புடிக்கிற மாரியா மேடம்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சிரித்தார் சந்திரிகா. பிறகு ஜோதியைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேட்டுக்கணும். தண்ணியை உறிஞ்சற வேலை பெருங்குடலோடது. அது உங்களுக்கு இல்லை. உள்ள பை வச்சாலும் ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை போகும். மொதல்ல இன்னும் ஜாஸ்தியாவே இருக்கும்."

வியாதி முற்றியிருந்த நாட்களில் இருபது தடவை போனவள் அவள். ஆறு ஏழு ஒரு கணக்காகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"நாடா கட்டலாமா?"

"தாராளமா."

மொட்டை மாடிக் கழிப்பறையைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது சொல்ல வேண்டிய விஷயம் என்று ஜோதிக்கும் தோன்றவில்லை. காற்று, வெயில் மாதிரி அது எல்லாக் கடையிலும் இருப்பது.

திரும்புகிற பஸ்ஸில் கோதண்டபாணி கேட்டான். "இன்னா அவசரம்மே? இப்ப இன்னா கொறஞ்சி பூட்ச்சு? நான் ரவுண்டு வெட்டித் தரேன், நீ ஒட்டிக்கினு கீற. நல்லாத்தான போய்க்கினு கீது?"

"எனக்கு ரெண்டாம் மாடிக்குப் போணும்ங்க."

இறங்குகிற இடம் வந்தபோது, "சரிமே" என்றான்.

அது ஒரு ஆபரேஷனில் முடிகிற காரியமில்லை. முதலில், மிச்சமிருந்த மலக்குடலை எடுத்து, உள்ளே பை தைத்து, கீழே சேர்த்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை எதுவும் அந்த வழியாகப் போகக் கூடாது என்று மறுபடியும் வயிற்றில் துளை, மறுபடியும் வெளியே பை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மாதங்கள் கழித்து, மூன்றாவது முறையாக மேசையில் படுக்க வைத்து வெளித் துளையை மூடினார்கள். கமர் ஜஹான் கடைசிப் பையைக் கழற்றி எடுத்தபோது, "இனிமே நீ என் மூஞ்சியில முழிக்கவே கூடாது, தெரிதா?" என்றாள். மிச்சமிருந்த தட்டுகளை எல்லாம் கோதண்டபாணி அவளிடமே கொடுத்துவிட்டான், வேறு யாருக்காவது ஆகும் என்று. கத்தரியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும், ஜோதி பழைய பாவாடை ஒன்றை எடுத்து நாடா கோத்துக் கட்டினாள். "இறுக்காதமே" என்றான் அவன். அவள் இறுக்கித்தான் கட்டினாள். அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். பிறகு உட்கார்ந்துகொண்டு, இடுப்பில் நாடா பதிந்திருந்த தடத்தை விரலால் தடவிக்கொண்டேயிருந்தாள்.

வைகாசியில் பாலகணேஷ் அவளைத் திரும்ப மெத்தைக்கு ஏற்றினார். "வா தாயி. நீ இல்லாம இங்க ஒவ்வொருத்தியும் கொடிக்கம்பத்துக்குத் துணி சுத்துன மாரி நிக்காளுவ" என்றார். தங்கம் அவரை முறைத்தாள்.

வீட்டில் இருந்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. ஆறு ஏழு தடவைதான். கதவைத் திறந்தால் கழிப்பறை. வேலைக்குப் போன முதல் நாள், பஸ் வேளச்சேரி தாண்டுவதற்குள் வயிறு முறுக்கியது. இறங்கி, ஒரு பெரிய மாலுக்குள் ஓடி, காவல்காரரிடம் கெஞ்சி உள்ளே போய் வந்தாள். கடைக்குத் தாமதம். மதியத்துக்குள் இரண்டு முறை மொட்டை மாடிக்கு ஏறினாள். இரண்டாவது முறை இறங்கி வந்தபோது அவள் விரித்துவைத்திருந்த புடவைகளை வேறொருத்தி காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் நின்றபடி யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அது பதினெட்டு வயதில் கற்றது.

கோதண்டபாணி தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து, கமர் ஜஹான் சொன்ன கணக்கில் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலந்து, இரண்டு பெரிய பாட்டிலில் நிரப்பித் தருவான். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, இன்னா?" பாட்டில்கள் தினமும் காலியாகவே திரும்பி வந்தன. அவற்றைக் கழுவிக் கவிழ்க்கும்போது அவனுக்கு ஒரு திருப்தி.

அந்த வைகாசி முழுக்க ஜோதி நன்றாக விற்றாள். அவள் சுற்றிக் காட்டிய புடவைகள் மடிந்து அலமாரிக்குத் திரும்பியதே குறைவு. கிளிப்பச்சையில் மாம்பழ பார்டர் போட்ட ஒன்றை அவள் கட்டி நின்றபோது, கல்யாணப் பெண் ஒருத்தி எழுந்து வந்து அந்த முந்தியைத் தொட்டுப் பார்த்தாள். பாலகணேஷ் தூணுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கால் ஆடுசதை இழுத்து இழுத்துப் பிடித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மெத்தை மேல் ஏறும்போது தங்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"ஏட்டி, உதடெல்லாம் வெடிச்சிருக்கு. ஒரு வாய் தண்ணி குடியேன்."

"நீதான சொன்ன, நாக்க நனைச்சாப் போதும்னு?"

"அது வயித்துல குடல் இருந்தவளுக்குச் சொன்னதுல்லா!"

ஜோதி சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆனி பிறந்து ஒரு மதியம், பட்டைச் சுற்றி நிற்கும்போதே அடக்க முடியாமல் வந்தது. கறை படாமல் புடவையைக் களைந்து மடித்து வைத்துவிட்டு, லிஃப்ட் பக்கம் பார்த்தாள். பாலகணேஷ் அவள் பார்வையைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "தாயி, அங்க வாசல்ல கேமரா இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேல உள்ளவுக கேப்பாக. இன்னைக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு அம்புட்டுப் பேருக்கும் விடணும்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்படியில் ஏறினாள். பாதிப் படியில் விழுந்தாள். தேடிப் போன தங்கம் பார்த்தபோது ஊதாச் சேலை நனைந்திருந்தது. ஆளுக்கு நினைவில்லை.

சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. ஒரு வாரம் இயந்திரத்தில் வைத்துச் சுத்தம் செய்தபின் கொஞ்சம் மீண்டன. முழுதாக மீளவில்லை. சந்திரிகா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உப்புத் தண்ணி குடிக்கச் சொன்னேனே, குடிச்சேளா?"

கோதண்டபாணிக்குக் கோபம் வந்தது. "நானே கலக்கித் தரேன் மேடம். ஒருநா தப்பல. பாட்டிலு காலியாத்தான் வருது."

டாக்டர் ஜோதியைப் பார்த்தார். ஜோதி சன்னலைப் பார்த்தாள். கோதண்டபாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கட்டிலின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"கக்கூஸு எங்க கீதுன்னு ஒருத்தரும் கேக்கல பாத்தியா?" என்றாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற கமர் ஜஹான், யாரையும் பார்க்காமல்.

ஜோதி சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "டாக்டர், அன்னைக்கு மூணாவதா ஒண்ணு சொன்னீகள்ளா? குழாய் விட்டு எடுக்கது. தானா வராதுன்னீக. காலைல ஒரு தடவை, மதியம் ஒரு தடவைன்னு நமக்குத் தோதுப்பட்ட நேரத்துல எடுத்துக்கிடலாம். அத வைக்க முடியுமா?"

"இப்ப முடியாதும்மா. அதுக்கு இன்னும் குடல் வெட்டணும். போன தண்ணியே இந்த உடம்புக்கு ஜாஸ்தி. இருக்கற சிறுநீரகத்தைக் காப்பாத்தினாப் போதும்."

"அப்ப பழைய பையவே வச்சிருங்க. கீழ பேக்கிங்ல இருந்துக்கிடுதேன்."

"வைக்கலாம். ஆனா பையோட இருந்தாலும் பகல் பூராவும் தண்ணி குடிச்சே ஆகணும். பையைக் கொட்டப் போயே ஆகணும். குடிப்பேளா அங்க?"

ஜோதி புறங்கையில் ஊசி குத்தியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், அவன் வழக்கம்போலத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தான். அவள் குடித்து முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

"எங்கமே ஊத்துன?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வேப்பமரம் இருக்குல்லா, அதுக்கு."

"டெய்லியுமா?"

"உம்."

அவன் காலித் தம்ளரை வாங்கிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "உப்பு போட்டுக் கலக்குன தண்ணிமே. மரம் கீதா, பட்டுப் பூட்ச்சா?"

அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. மூன்று ஆபரேஷனிலும் அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

கடை வேலை அதோடு முடிந்தது. வீட்டிலிருந்தபடி அவன் தைத்த ப்ளவுஸ்களுக்குக் கொக்கி வைத்தாள், கைத்தையல் போட்டாள். நாடாவை இப்போது எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். பெரும்பாலும் நைட்டியில்தான் இருந்தாள்.

ஐப்பசியில் கோதண்டபாணியின் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்தொன்பது வருஷம் ஊருக்கெல்லாம் கட்டிக் காட்டியவளிடம் சொந்தமாக ஒரு பட்டுக்கூட இல்லை. "வா, கஸ்டமரா போலாம்" என்றான். அவள் முடியாது என்றாள். திருப்பித் தர வேண்டிய ஊதாச் சேலைகள் இரண்டு இருந்தன. அதைச் சாக்காக வைத்து இழுத்துக்கொண்டு போனான். கூட்டமில்லாத ஒரு வார நாளில், பஸ் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்து.

முன்வாசல் வழியாக அவள் உள்ளே நுழைந்தது அதுதான் முதல் தடவை. காவலாளி கதவைத் திறந்து வணக்கம் சொன்னான். லிஃப்டில் ஏறினார்கள். இரண்டாம் மாடியில் தங்கம் ஓடிவந்து கையைப் பிடித்து, மெத்தைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். வாடிக்கையாளருக்குக் கொண்டுவருகிற தட்டில் இரண்டு தம்ளர் தண்ணீர் வந்தது.

"குடிட்டி. இப்ப நீ பார்ட்டி."

ஜோதி தம்ளரை எடுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடித்தாள். அந்த மாடியில் அவள் ஒரு தம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் போக வேண்டியிருந்தது. எழுந்து நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்கினாள். பாலகணேஷ் எதிரே வந்துவிட்டார். "லிஃப்டத் தாண்டி எடது பக்கம்மா" என்றார், வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பழகிய அதே குரலில். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போல, தலையைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ அடுக்கினார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மல்லிகை வாசனை தெளித்திருந்தார்கள். கண்ணாடி சுவர் முழுக்க. தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் கை கழுவினாள்.

திரும்பி வந்தபோது தங்கம் மெத்தை மேல் ஏறி, ஒரு மயில்கழுத்து நிறப் பட்டைச் சுற்றத் தொடங்கியிருந்தாள். வலது இடுப்பில் சொருகு. ஒரு சுற்று. கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடிவிட்டது. ஜோதியின் விரல்கள் மடியில் கிடந்தபடியே அதைக் குறைத்தன. கோதண்டபாணி, "இன்னாமே, புடிச்சிகீதா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள், மாடியின் அந்தக் கோடியில் ஒரு குடும்பம் ஒன்றும் பிடிக்காமல் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. பாலகணேஷ் தூணுக்கு இந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

ஜோதியின் கால் தரையில் ஊன்றிவிட்டது. ஒரு கை முந்தானையை இழுத்துச் சொருகவும் போய்விட்டது.

"தங்கத்தக் கூப்பிடுங்கம்மா."

தங்கம் பாதிப் புடவையோடு அவளைப் பார்த்தாள். "ஏட்டி, போ, பார்ட்டி போயிரும்" என்றாள் ஜோதி. தங்கம் பட்டைக் களைந்து அவள் மடியில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். ஜோதி திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து, அதை ஓரம் பிடித்து மடிக்க ஆரம்பித்தாள். கோதண்டபாணி தன் தம்ளர் தண்ணீரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.